பூவத்துக்கு அப்பால்

“இன்னுமா விளக்கேத்தல, லாத்தா?” என்று கபீர் கேட்டபோது, அமீர் நிஷா அவன் நெற்றிக்குப் போடும் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். முற்றத்து வெயில் கட்டிலில் ஏறி அவனுடைய முழங்கால் வரைக்கும் வந்திருந்தது. விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். காய்ச்சலில் கிடக்கும்போதும் அக்காவைச் சீண்டாமல் இருக்க மாட்டான்.

“பட்டப்பகல்ல விளக்கு கேக்குதா? பேசாம படு.”

அவன் சிரிக்கவில்லை. கண்கள் திறந்துதான் இருந்தன. அவள் ஈரத்துணியை அவன் முகத்துக்கு நேரே பிடித்து ஆட்டினாள். துணியிலிருந்து ஒரு சொட்டு விழுந்த பிறகுதான் இமை அசைந்தது.

“உம்மா” என்று கூப்பிட நினைத்தாள். சமையல்கட்டில் ஆஸியா பீவி மகனுக்காக ஓமம் வறுக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. தாய்க்குத் தெரிந்த வரையில் அது அஜீரணம். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் தலைவலி, வாந்தி. அமீர் நிஷா கூப்பிடவில்லை. கபீரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கை குளிர்ந்திருந்தது. அவன் மூச்சு மட்டும், ஓடி வந்தவனுடைய மூச்சைப்போல, ஆழமாகவும் வேகமாகவும் போய் வந்துகொண்டிருந்தது.

காலையில்தான் குதிரைவண்டி வாசலில் வந்து நின்றது. அவனைத் தாங்கிப் பிடித்து இறக்கியவன் மருதையன். வரிச்சிக்குடியில் நிலபுலம் உள்ள குடும்பத்துப் பையன், பல்கலைக்கழக விடுதியில் கபீரின் அறைத்தோழன். தரங்கம்பாடி வரைக்கும் ரயிலில் வந்து, அங்கிருந்து வண்டி பிடித்ததாகச் சொன்னான். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகச் சொல்லியும் போகாமல் முன்கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தான்.

வீட்டில் ஆண்கள் இல்லை. வாப்பா சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அமீர் நிஷாவின் கணவனும் அதே கடையில்தான். அந்தப் பக்கத்து வழக்கப்படி பெண் தாய்வீட்டிலேயே இருந்தாள். புருஷன் கப்பலில் வரும்போது வருவான், போகும்போது போவான். கபீரையும் பள்ளிப்படிப்போடு கப்பலேற்றிவிடத்தான் நினைத்தார்கள். அவன்தான் படிப்பேன் என்று சாப்பிடாமல் கிடந்து சாதித்தான். அந்த வம்சத்தில் பட்டப் படிப்புக்குப் போன முதல் ஆள். முதல் லீவுக்கு அவன் வந்தபோது தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

அந்த லீவிலேயே அமீர் நிஷா அவனுடைய விரல்களைக் கவனித்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மஞ்சள் பூத்திருந்தன. கேட்டதற்கு, மை என்றான்.

“எந்த ஊர்லடா மஞ்ச மை விக்குது?”

“ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது லாத்தா. பெரிய படிப்புக்கு அதுதான் மை.”

பிறகு சனி ஞாயிறுகளில் விடுதி நண்பர்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்தான். கடல் பார்க்க வந்திருக்கிறார்களாம். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கமும் கடல் இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது. அப்புறம்தான் விளங்கியது. அந்தப் பக்கம் மதுவிலக்கு. பூவம் சுங்கச்சாவடியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டால் காரைக்கால், பிரெஞ்சுக்காரன் ராஜ்ஜியம். பலகை மாட்டிப் பகிரங்கமாக விற்றார்கள். பையன்கள் பொழுது சாய்ந்து கடற்கரையிலிருந்து வந்து, வெற்றிலையும் கிராம்புமாக மென்றுகொண்டே சாப்பிட உட்காருவார்கள். ஆஸியா பீவி பார்த்துப் பார்த்துப் பரிமாறச் சொல்லுவாள்.

“என்னா ஒழுக்கமான புள்ளைங்க, தலைய நிமுத்தாம சாப்புடுதுங்க” என்பாள்.

அமீர் நிஷா தாயிடம் எதுவும் சொன்னதில்லை. கபீரைத் தனியாகப் பிடித்து ஒருதரம் கேட்டாள். “எல்லாரும்தான் லாத்தா” என்றான். “ஹாஸ்டல்ல குடிக்காதவன கிராமத்தான்னு சொல்லிச் சிரிப்பானுவ. பட்டம் வாங்கிட்டா எல்லாத்தையும் விட்டுருவேன். ஒங்க தலைமேல சத்தியம்.” சத்தியத்தை அவன் சிரித்துக்கொண்டே செய்தான். அவளும் சிரித்துவிட்டாள்.

இப்போது கபீரின் கையை மடியிலிருந்து இறக்கிவிட்டு அவள் எழுந்து போய், வேலைக்காரியிடம் அடுத்த தெருவிலிருந்து மாமாவைக் கூட்டிவரச் சொல்லி அனுப்பினாள்.

உம்மாவின் அண்ணன் நெய்னா முகம்மது மாமா பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தவர். வந்ததும் கட்டிலருகே நின்று கபீரின் முகத்தைப் பார்த்தார். “யாரு, மாமாவா?” என்று அவன் தலையை வேறு பக்கம் திருப்பிக் கேட்டான். அவர் நேரே முன்கூடத்துக்குப் போனார். அமீர் நிஷா இடைவாசல் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

“தம்பி, என்னத்தத் தின்னான்? மறைக்காம சொல்லு.”

மருதையன் தூணிலிருந்து கையை எடுத்தான். பிறகு, “திங்கல அய்யா. குடிச்சான்” என்றான்.

“என்ன குடிச்சான்?”

“மரத்துக்குப் பூசுற வார்னிஷ் இருக்குல்லங்க, அதுல கலக்குற ஸ்பிரிட்டு. டவுன்ல ஒருத்தன் ரகசியமா விக்கிறான். பரிச்ச முடிஞ்ச அன்னிக்கு எல்லாரும் காசு போட்டு வாங்குனோம். நான் ஒரு வாய் வச்சேன், தொண்ட எரிஞ்சுது, துப்பிட்டேன். அவன் எம் பங்கையும் சேத்துக் குடிச்சான்.”

“யா அல்லா.”

“நேத்து காலைல தலவலின்னான். சாயங்காலம் கண்ணு முன்னாடி ஒரே பனியா இருக்குடான்னான். அங்க ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேசு, காலேஜ விட்டு நீக்கிருவாங்க. காரைக்காலுக்குப் போயிட்டா கேசு இல்ல, அங்க கொண்டு போயிருடான்னு அவன்தான் சொன்னான். பூவம் சாவடில வண்டிய நிறுத்துன சிப்பாயி இவனைப் பாத்துச் சிரிச்சாருங்க. எல்லாரும் இங்க வந்து குடிச்சிட்டு அங்க போவான், இவன் அங்கேயே குடிச்சிட்டு இங்க வர்றானேன்னு.”

மாமா நாற்காலியில் உட்காரும் சத்தம் கேட்டது.

மருதையன் இப்போது நிறுத்த முடியாமல் பேசினான். “எப்பவும் இப்பிடி ஆனதில்லைங்க அய்யா. அவன் லீவுக்கு வந்துட்டுத் திரும்புறப்ப இங்கேருந்தே கொண்டாருவான். பிராந்தி, நல்ல சரக்கு. படுக்கைக்குள்ள வச்சு சுருட்டி, சாவடில தெரியாம. அதக் குடிச்சு யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. இந்தத் தடவ பெருநாளுக்கு வந்துட்டு வந்தானே, படுக்கையப் பிரிச்சா போத்தல் இல்ல. அதனாலதான் பசங்க வெளில வாங்கலாம்னு…”

அமீர் நிஷா திரையின் ஓரத்தைப் பிடித்திருந்தாள். அதை விட்டால் துணி அசையும், அசைந்தால் அவள் அங்கே நிற்பது தெரியும் என்பதுபோல இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பெருநாள் லீவு முடிந்து அவன் கிளம்புகிற அன்று, அவன் குளிக்கப் போயிருந்த நேரத்தில், படுக்கையில் ஒரு சால்வை வைக்கலாம் என்றுதான் பிரித்தாள். மழைக்காலம் வருகிறது, குளிரும் என்று. இரண்டு கைலிகளுக்கு நடுவில் போத்தல்கள் இருந்தன. கொல்லைக்கு எடுத்துப்போய்ச் சாய்த்தாள். வாசனை போகும்வரைக்கும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். வெறும் போத்தல்களைக் குப்பைக்குழியில் புதைத்தாள். திரும்பி வந்து படுக்கையைப் பழையபடி சுருட்டிக் கட்டினாள். அன்று சாயங்காலம் அவன் வண்டியேறிப் போனபோது, ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற நிம்மதியோடு வெகுநேரம் ஜன்னலருகே நின்றிருந்தாள்.

மாமா ஆளனுப்ப, டாக்டர் வந்தார். புதுச்சேரியில் படித்தவர், வயதானவர், பிரெஞ்சு வாடையோடு தமிழ் பேசுவார். கபீரின் இமைகளைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். மூச்சை, அதற்குக் கடிகாரம் தேவையில்லை என்பதுபோல, சும்மா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமா அவர் காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னார். டாக்டர் தலையசைத்தார். மூச்சு அப்படி இருந்ததிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது போலிருந்தது.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாமா?” என்று மாமா கேட்டார்.

“கொண்டு போகலாம். ஆனா அங்க இருக்கிறது எல்லாம் எம் பையிலயே இருக்கு, முஸ்ஸியே. ஆட்டி அசைச்சுக் கொண்டு போறதுல லாபம் இல்ல.” சோடா உப்பை நீரில் கரைத்து, மெல்ல மெல்லப் புகட்டச் சொன்னார். பிறகு தயங்கினார். “இன்னொண்ணு இருக்கு. சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது. இந்த விஷத்த மறிக்கிறதுக்குச் சில பேர் நல்ல சாராயம் கொடுக்கிறாங்க. சுத்தமான பிராந்தி. அது முன்னாடி போய் நின்னா இந்த விஷம் உடம்புல வேல செய்யறது கொஞ்சம் தாமதிக்கும்னு சொல்றாங்க. நேத்தே கொடுத்திருந்தா…” நிறுத்திக்கொண்டார். “இப்பவும் கொடுத்துப் பாக்கலாம்.”

சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த ஆஸியா பீவி, “என்ன கொடுக்கச் சொல்றாரு?” என்று மகளிடம் கேட்டாள்.

மாமாதான் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். ஆஸியா பீவி அழவில்லை. சமையல்கட்டுக்குள் திரும்பிப் போய் ஓமச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். திரும்ப வந்தாள்.

“உசுருக்கு ஆபத்துன்னா மார்க்கத்துல கூடுமா காக்கா?” என்று அண்ணனைக் கேட்டாள்.

“கூடும். நிர்ப்பந்தத்துக்குக் கூடும்.”

“அப்ப வாங்கிட்டு வாங்க. யாரையும் அனுப்பாதீங்க, நீங்களே போங்க.”

மாமா சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் போனார். அவர் வருகிறவரைக்கும் கபீர் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தான். பரீட்சைத் தாளில் கடைசிக் கேள்விக்கு நேரம் போதவில்லை என்றான். சைகோனுக்கு இனிமேல் போனால் வாப்பா சேர்த்துக்கொள்வாரா என்றான். “கண்ணு நாளைக்குச் சரியாயிருமா லாத்தா?” என்று கேட்டபோது, “சரியாயிரும்” என்றாள்.

மாமா வந்து சால்வைக்குள்ளிருந்து போத்தலை எடுத்துப் பெட்டியின்மேல் வைத்தார். அவர் முகம் வேறு யாருடைய முகமோ போலிருந்தது. “கடக்காரன் எழுந்திரிச்சு நின்னுட்டான்” என்றார் யாரையும் பார்க்காமல். “பள்ளிவாசலுக்காக வந்து சத்தம் போடப்போறேன்னு நெனச்சான் போல. கேட்டதும் காசு வேணாம்னுட்டான்.”

ஆஸியா பீவிதான் புகட்டினாள். டாக்டர் அளவு காட்டிக் கொடுத்தார். அவனுடைய தலையைத் தன் கைமடிப்பில் தாங்கி, கரண்டியை உதட்டருகே கொண்டுபோனவள், “பிஸ்மி…” என்று தொடங்கி, பாதியில் நின்றுவிட்டாள். அவனுக்குச் சோறூட்டிய நாளிலிருந்து இறைவன் பெயரான அந்தச் சொல் இல்லாமல் ஒரு வாயும் கொடுத்ததில்லை. மீதியைச் சொல்லாமல் வாயில் ஊற்றினாள்.

அவன் விழுங்கினான். புருவம் சுருங்கியது. “இது என்ன மருந்தும்மா?” என்றான். வாசனை அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். “உம்மா?” என்று மறுபடி கூப்பிட்டான், பயந்துபோன குரலில்.

“மருந்துதான்டா ராசா. குடி.”

கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். பாதி கடைவாயில் வழிந்தது. தன் முக்காட்டுத் துணியாலேயே துடைத்தாள்.

மத்தியான லுஹர் பாங்கு சொன்னதும் ஆஸியா பீவி, “நான் தொழுதுட்டு வந்துர்றேன், நீ பக்கத்துலயே இரு” என்று எழுந்து போனாள். டாக்டர் கூடத்தில் மாமாவோடு உட்கார்ந்திருந்தார். கபீர் கையைத் தடவி அக்காவின் வளையலைப் பிடித்தான்.

“லாத்தா, மருதையன்கிட்ட ஒரு சிகரெட்டு கேளுங்க.”

“வேணாம்டா.”

“ஒண்ணே ஒண்ணு. கண்ணு தெரியாம படுத்திருக்க முடியல. பயமா இருக்கு.”

இடைவாசல் திரைக்கு வெளியே கையை நீட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் கேட்காமலே மருதையன் ஒரு சிகரெட்டை வைத்தான். சமையல்கட்டில் கங்கு அணையாமல் இருந்தது. அவளுக்கு அதைப் பற்றவைக்கத் தெரியவில்லை. கங்கில் வைத்தால் கருகியதே தவிரப் பிடிக்கவில்லை. கடைசியில் தானே உதட்டில் வைத்து இழுத்தாள். இருமல் வந்து கண்ணில் நீர் முட்டியது. அப்படியே எடுத்து வந்து அவன் உதட்டில் பொருத்தினாள்.

அவனால் இழுக்க முடியவில்லை. மூச்சு தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு துண்டைப் பிரித்து எடுத்து இழுக்க அவனுக்குப் பலமில்லை. புகை முனையிலிருந்து நேராக மேலே போனது.

“நல்லாருக்கு” என்றான்.

தொழுகைப் பாயிலிருந்து எழுந்து வந்த ஆஸியா பீவி வாசலில் நின்று பார்த்தாள். சிகரெட்டைப் பிடித்திருந்த மகளையும், மகனையும், புகையையும் பார்த்தாள். மகனின் சட்டைப்பையில் தீப்பெட்டி கிடந்ததற்காகப் போன வருஷம் நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தவள் அவள். வந்து கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து மகனின் காலைப் பிடித்துவிட்டாள்.

அதன்பிறகு அவன் பேசவில்லை. டாக்டர் வந்து ஊசி போட்டார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று போட்டார். மூச்சு மெல்ல மெல்ல வேகம் குறைந்தது. குறைந்ததும் அமீர் நிஷாவுக்கு நம்பிக்கை வந்தது. டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். அவர் ஊசிக் குழலைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“கலிமா சொல்லிக் கொடுங்கம்மா” என்றார் மெதுவாக. அவர் கிறிஸ்துவர்.

ஆஸியா பீவி மகனின் காதில் வாயை வைத்துச் சொன்னாள். ஒரு தடவை, மறுபடி, மறுபடி. “சொல்லுடா, என் கண்ணு, உம்மாகூடச் சொல்லு.” அவன் உதட்டில் பிராந்தி மணத்தது. எப்போது போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மாமா வந்து தங்கையின் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

பிறகு எல்லாம் ஆண்கள் கைக்குப் போய்விட்டது. கூடத்தில் பேச்சு கேட்டது. “வெஷக் காய்ச்சல்” என்று மாமா முடிவாகச் சொன்னார். டாக்டர் மறுக்கவில்லை. சைகோனுக்குத் தந்தியும் அப்படியே போயிற்று. தெருப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருத்தியும் உட்கார்ந்து அழுதுவிட்டு, “என்ன காச்சலாம்?” என்று கேட்டாள். ஆஸியா பீவி ஒவ்வொருத்திக்கும் பதில் சொன்னாள். விடுதியில் தண்ணீர் சரியில்லை என்று அவளாகவே சேர்த்துச் சொன்னாள். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அறையில் சாம்பிராணிப் புகை மூச்சு முட்டும் அளவுக்குப் போட்டிருந்தார்கள். எதற்காக அவ்வளவு என்று வீட்டாருக்கு மட்டும் தெரியும்.

குளிப்பாட்டி, கஃபன் துணி போர்த்தி, முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். விரல்களைத் துணிக்குள் மூடியிருந்தார்கள். முகம் சின்னதாகியிருந்தது, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயசு மாதிரி. மாலை அஸர் தொழுகைக்குப் பின் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் வாசல் வரைக்கும்தான். தெருக்கோடியில் கூட்டம் திரும்பும்போது, தொப்பிகளுக்கு நடுவே தொப்பி இல்லாத ஒரே தலையாக மருதையன் தோள் கொடுத்துப் போவது தெரிந்தது.

கூட்டம் குறைந்த பிறகு ஆஸியா பீவி மகளின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“நான் சொல்லிக் கொடுக்கயில அவன் வாயி அசஞ்சுச்சுல்ல? நீ எதிர்க்கதான நின்ன. பாத்தீல்ல?”

அமீர் நிஷா எதிரில்தான் நின்றாள். அவள் உதட்டைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தேன் உம்மா. அசஞ்சுச்சு.”

“ம்” என்றாள் ஆஸியா பீவி. சற்றுப் பொறுத்து, “நல்லாப் பாத்தியா?” என்றாள்.

“நல்லாப் பாத்தேன்.”

பொழுது சாயும்போது அடுத்த வீட்டு அஜீசுன்னிசா சோறும் பருப்பாணமும் கொடுத்தனுப்பியிருந்தாள். மரண வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. யாரும் தொடவில்லை. கபரஸ்தானிலிருந்து ஆண்கள் திரும்பித் தத்தம் வீடுகளுக்குப் போனார்கள். மருதையன் மட்டும் வாசற்படியில் வந்து நின்றான். வரிச்சிக்குடி ஒன்றும் தொலைவில்லை. ஆனால் அவனுக்குப் போகத் தெரியவில்லை.

“உள்ள வந்து உக்காருங்க தம்பி” என்று திரைக்குப் பின்னாலிருந்து அமீர் நிஷா சொன்னாள். “சாப்புட்டீங்களா?”

“நேத்து மத்தியானம் சாப்புட்டதுக்கா.”

தட்டில் சோற்றைப் போட்டு, ஆணத்தை ஊற்றி, திரைக்கு அடியில் நகர்த்தி வைத்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு பிசைந்து ஒரு வாய் வைத்தான். அதன்பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டே வேகவேகமாகச் சாப்பிட்டான். அவள் தட்டைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

தட்டு காலியாகும் சமயத்தில் அவன் தலையைத் தூக்காமலே சொன்னான்.

“அக்கா, மாமாகிட்ட சொல்லாதது ஒண்ணு இருக்கு. படுக்கையப் பிரிச்சுப் பாத்தப்ப அவன் கோவப்படலக்கா. லாத்தா வேலதான்டா இதுன்னான். வேற யாருக்கும் இவ்ளோ அழகா திருப்பிச் சுருட்டத் தெரியாதுன்னு சொல்லிச் சிரிச்சான்.”

தெருவில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

“நான் இத ஒங்ககிட்ட சொல்லிருக்கக் கூடாதுக்கா” என்றான்.

வளையல் சத்தம் கேட்டது. திரையின் ஓரத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் வெளியே நீண்டது. மருதையன் முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை. செம்பைப் பிடித்த கை, அவன் நிமிர்ந்து வாங்குவான் என்று, நீட்டியபடியே இருந்தது.